நூற்றுப் பதினேழரை மணி நீர்

தின்பூர்
4 நவம்பர் 1973

என் உடன்பிறந்த துஹாமிக்கு,

இறைவனின் அமைதி உன்மேல் நிலவட்டும். பெருநாள் கழிந்து ஒரு வாரம் ஆகிறது. நீ அனுப்பிய தேயிலையும் இரண்டு சோப்புக் கட்டிகளும் லாரிக்காரர் கையில் பத்திரமாக வந்தன. அல்ஜியர்ஸில் குளிர் தொடங்கிவிட்டதா? உன் மார்புச் சளி இப்போது எப்படி? இங்கே நாங்கள் எல்லோரும் நலம்.

நோன்பின் கடைசி வாரத்தில் பேய்மழை. பதினைந்து வருடமாகப் பார்க்காத மழை. ஏழாம் கிணற்றருகே, தோட்டங்களுக்கு நீர் கொண்டுவரும் நம் ஃபொக்காராவின் சுரங்கம் இடிந்து விழுந்துவிட்டது. உள்ளே ஆள் யாரும் இல்லை. ஆனால் தகட்டில் தொண்ணூற்றாறு மணித் துளை நிறைய ஓடிய தண்ணீர் எழுபத்தொன்றாக இறங்கிவிட்டது. நீர் அளக்கும் பா ஜல்லூல் அந்தச் செப்புத் தகட்டை வைத்து இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டார். அறுபத்துமூன்று பங்குக்காரர்களுக்கும் புதிதாகப் பிரித்தாயிற்று. தோட்டங்கள் எப்படியோ குளிர்காலத்தைத் தாண்டிவிடும்.

நீ ஏதோ பெரிய எந்திரத்திடம் வேலை பார்ப்பதாக எழுதியிருந்தாய். அட்டையில் துளை போட்டுக் கொடுத்தால் அதுவே கணக்குப் போடுமாம். ஊர்க் கணக்கரான உன் மச்சானுக்கு அதைச் சோதித்துப் பார்க்க ஆசை. அறுபத்துமூன்று பேரின் பழைய பங்கும், இப்போது பிரித்த பங்கும் தனித்தாளில் இருக்கின்றன. உன் எந்திரத்தைப் போடச் சொல். ஒத்துவருகிறதா பார்ப்போம்.

உன் மச்சானுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. சலாம் சொல்லச் சொன்னார்.

உனக்காகக் கையேந்தும்
அக்கா மப்ரூக்கா


அல்ஜியர்ஸ்
22 நவம்பர் 1973

அன்பு அக்காவுக்கு,

உங்கள் எல்லோருக்கும் சலாம். சளி பரவாயில்லை. கடற்காற்று எனக்கு ஒத்துக்கொள்வதே இல்லை, அவ்வளவுதான். மச்சானைத் தேனும் எலுமிச்சையும் குடிக்கச் சொல்.

உன் தாள்கள் கிடைத்தன. ஒரு மணிக்கு இருபத்துநான்கு கீராத், ஒரு கீராத்துக்கு இருபத்துநான்கு தூசி என்று எந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கவே இரண்டு நாள் போயிற்று. இங்கே உள்ளவர்களுக்கு ஒரே வேடிக்கை. "ஓடுற தண்ணிய எப்படிப்பா மணியா எண்ணுவீங்க?" என்று பக்கத்து மேசைக்காரன் கேட்டான். "நீ ஓடுற நேரத்த மணியா எண்ணலையா?" என்றேன்.

அக்கா, நீ இதைப் பார்க்க வேண்டும். ஒரு கூடம் நிறைய இரும்புப் பெட்டிகள். அட்டைக் கட்டை வைத்தேன். அறுபத்துமூன்று பேரின் கணக்கும், நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் முடிந்துவிட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மச்சான் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் கணக்கில் பிழை இருக்கிறது. இருபத்தெட்டுப் பேருக்கு ஒரு தூசி தள்ளி வருகிறது. தூசிதானே, யாருக்குத் தெரியப்போகிறது. இருந்தாலும் எந்திரம் பொய் சொல்லாது, அது அச்சிட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் தம்பி
துஹாமி


தின்பூர்
9 டிசம்பர் 1973

என் துஹாமிக்கு,

இறைவன் உனக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். பேரீச்சம்பழம் இறக்கி முடிந்தது. உனக்கு ஒரு கூடை எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் எந்திரம் பொய் சொல்லாது, சரி. அது சொன்னதையெல்லாம் நீ கூட்டிப் பார்த்தாயா? நாங்கள் பார்த்தோம். எழுபத்தொரு மணிக்கு மொத்தம் நாற்பதாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு தூசி வர வேண்டும். உன் தாளில் இருபத்தெட்டு குறைகிறது. ஒரு கீராத்துக்கும் மேலான தண்ணீர், தம்பி! அதை உன் எந்திரம் குடித்துவிட்டதா?

பத்துத் தூசியை நான்கு பேருக்குச் சமமாகப் பிரி. ஆளுக்கு இரண்டரை. உன் எந்திரம் அரையை வெட்டிவிட்டு ஆளுக்கு இரண்டு கொடுத்திருக்கிறது. எட்டுத்தான் போனது, இரண்டு காணோம். எங்கள் வழி வேறு. முதல் ஆளுக்கு இரண்டு கொடுத்துவிட்டு, மிஞ்சிய அரையைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்தவனிடம் போவோம். அவனுடைய இரண்டரையோடு அந்த அரையும் சேர மூன்று. மூன்றாமவனுக்கு மறுபடி இரண்டு, நான்காமவனுக்கு மூன்று. கடைசி ஆளிடம் வரும்போது கை காலியாக இருக்கும். அறுபத்துமூன்று பேருக்கும் இப்படித்தான். யாருக்கும் ஒரு தூசிக்கு மேல் வித்தியாசம் வராது. ஒரு சொட்டும் காணாமல் போகாது.

நெசவில் நாங்கள் செய்வதுதான். பூவுக்குப் பூ இழை சரியாக வராவிட்டால், மிச்சத்தையெல்லாம் ஓரத்தில் கொண்டுபோய்க் குவிப்போமா? இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று உள்ளேயே கலந்துவிட்டால் கம்பளம் நேராக இருக்கும்.

உன் மச்சான் சலாம் சொன்னார்.

அக்கா மப்ரூக்கா


அல்ஜியர்ஸ்
6 ஜனவரி 1974

அன்பு அக்காவுக்கு,

தியாகத் திருநாள் வாழ்த்துகள். இங்கே ஓர் அறையில் நான்கு பேர் சேர்ந்து ஓர் ஆட்டுத் தொடையை வாங்கிக் கருக்கிவிட்டோம்.

உன் கடிதத்தைப் பத்து முறையாவது படித்திருப்பேன். பஸ்ஸில் படித்தேன், இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டேன். வேலைக்குப் போனதும் எந்திரத்துக்குப் புதுக் கட்டளை எழுதினேன். மீதியை வெட்டாதே, எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போ. அவ்வளவுதான், மூன்றே அட்டை அதிகம். ஓட்டினேன். உன் தாளில் இருந்த அறுபத்துமூன்று எண்களும் அப்படியே வரிசையாக அச்சாகி வந்தன. கடைசியில் மீதி: பூஜ்யம்.

அக்கா, அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எந்திரம் வேகமானது என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கே போக வேண்டும் என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். அதைத் தின்பூரிலிருந்து ஒரு கடிதம் சொல்லியிருக்கிறது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. நான் ஊரைவிட்டு வருவதற்கு முந்தின வருடம் மச்சான் பிரித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மீந்த தூசியையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பள்ளிவாசல் தொட்டிக்கு எழுதிவிடுவார். "அல்லாவோட வீட்டுக்குப் போனா எவன் கேக்கப்போறான்?" என்று சிரிப்பார். இந்தத் தாளில் தொட்டிக்கு அதன் பங்குக்கு மேல் ஒன்றும் இல்லையே. எப்போது வழியை மாற்றினார்? தொண்டை சரியாயிற்றா? அவர் கையால் இரண்டு வரி எழுதச் சொல்லேன்.

உன் தம்பி
துஹாமி


தின்பூர்
20 பிப்ரவரி 1974

என் துஹாமிக்கு,

உனக்கு நீண்ட ஆயுளைக் கேட்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். புழுதிக் காற்று ஒன்பது நாள் அடித்தது. வாற்கோதுமை முழங்கால் அளவு வளர்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டு ஜமீலாவுக்கு இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் பெண்.

ஆண்கள் இடிந்த இடத்தைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். அத்தோடு நிற்காமல் பக்கவாட்டில் ஒரு புதுக் கிளையும் வெட்டுகிறார்கள். மீலாது முடிந்ததும், தண்ணீரைப் பங்கு பங்காகப் பிரித்துவிடும் சீப்புக் கல்லடியில் எல்லோர் முன்னாலும் அளந்து, மணலில் கணக்குப் போட்டு, அங்கேயே பிரிக்க வேண்டுமாம். ஊர்ப் பெரியவர் ஹாஜ் பெல்காசிம் அறிவித்துவிட்டார். குளிர்காலப் பிரிவினை வீட்டிலிருந்து எழுதி வந்ததில் பங்குக்காரன் கத்தூருக்குத் திருப்தி இல்லை.

உன் எந்திரத்தால் இதைச் செய்ய முடியுமா? எத்தனை மணி நீர் வரும் என்று இப்போது யாருக்கும் தெரியாது. அறுபது மணி வந்தால் இந்தப் பிரிவினை, அறுபதரை வந்தால் இந்தப் பிரிவினை என்று, அரை மணிக்கு ஒரு தாளாக நூற்றுப்பத்து வரைக்கும் முன்கூட்டியே போட்டு அனுப்பு. அன்றைக்குத் தாளைப் பார்த்து வாசித்தால் போதும் என்று இருக்க வேண்டும். மீலாதுக்குள் வேண்டும்.

அக்கா


அல்ஜியர்ஸ்
3 மார்ச் 1974

அக்கா,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

மழை, காற்று, ஜமீலாவின் பிள்ளைகள் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. மச்சான் சலாம் சொன்னதாகக்கூட இந்த முறை இல்லை. லஹ்பீப் மச்சானுக்குத் தாளைப் பார்த்து வாசிக்க வேண்டிய தேவை என்ன? அவர் கண்ணை மூடிக்கொண்டு போடுவாரே.

தாள்களைப் போட்டுத் தருகிறேன். நீ என்ன பதில் எழுதினாலும் தருவேன். ஒன்றே ஒன்றைச் சொல். இந்தக் கணக்கையெல்லாம் போடுவது நீதானே?

துஹாமி


தின்பூர்
17 மார்ச் 1974

என் துஹாமிக்கு,

ஆமாம்.

அந்த மழை நாள் காலையில் தொழுகைக்கு ஒளுச் செய்யக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் போயின. வாயும் போயிற்று. அடித்தொண்டையிலிருந்து ஓர் ஒலி வரும், அவ்வளவுதான். தீமிமூனிலிருந்து கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, இறைவன் நாடினால் என்று சொல்லிப் போனார். அன்று மாலையே பா ஜல்லூல் எழுபத்தொன்று என்ற எண்ணோடு வாசலில் நிற்கிறார். நான் என்ன செய்வேன்? "காய்ச்சல். உள்ள படுத்துருக்காரு. குடுங்க, போட்டுத் தருவாரு" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு தட்டில் மணலைப் பரப்பினேன்.

இருபத்திரண்டு வருடம் அவர் முன்னால் உட்கார்ந்து கூஸ்கூஸ் உருட்டியிருக்கிறேன். அவர் விரல் மணலில் போடுவதை என் மனமும் கூடவே போடும். பல நாள் அவருக்கு முன்னால் நான் முடித்துவிடுவேன். சொன்னதில்லை. கையில் மாவு இருக்கும், வாயை மூடிக்கொண்டு இருப்பேன். மீதியை எடுத்துப் போகும் வழி மட்டும் என்னுடையது.

கணக்கர் வீட்டுக்கு ஊர் விட்டிருக்கும் இரண்டு மணி நீர் கணக்குப் போடும்வரைக்கும்தான். அது நின்றால் தோட்டமும் நிற்கும். ஆனால் நான் மறைத்தது அதற்காக மட்டும் இல்லை. ஊர் அவரைப் பார்த்து 'பாவம்' என்று சொல்வதை என்னால் தாங்க முடியாது.

எண்ணும் அவரைவிட்டுப் போய்விட்டது, தம்பி. மூன்று பேரீச்சம்பழத்தைக் காட்டி இது எத்தனை என்று விரலால் காட்டச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்குத்தான் அழுதேன். இப்போது அவர் பக்கத்திலேயே மணலைப் பரப்பிப் போடுகிறேன், பழக்கம் விடக்கூடாது என்று. பார்த்துக்கொண்டே இருப்பார். எதைப் பார்க்கிறார் என்று தெரியாது.

பா ஜல்லூலிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டேன். நீர் அளக்கும் நாளில் அவர் உன் தாளை வாசிப்பார். உன் மச்சான் தலைப்பாகைத் துணியால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அக்கா


அல்ஜியர்ஸ்
1 ஏப்ரல் 1974

அன்பு அக்காவுக்கு,

உனக்கும் மச்சானுக்கும் சலாம். என்ன எழுதுவது என்று தெரியாமல் நான்கு தாளைக் கிழித்துவிட்டேன்.

நூற்றொரு பக்கங்கள் இந்தக் கட்டில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை எல்லோரும் போனபின் ஓட்டினேன். ஆலங்கட்டி மழைபோல் சத்தம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மீதி பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று விழுந்துகொண்டே இருந்தது. உன் விரல் ஒரு தட்டு மணலில் செய்ததை நூற்றொரு முறை திருப்பிச் செய்ய அதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. எதைக் கண்டு வியப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அதையா, உன்னையா.

இனிமேல் என் அறை முகவரிக்கு எழுது. வேலை இடத்துக்கு வேண்டாம். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

துஹாமி


தின்பூர்
2 மே 1974

என் துஹாமிக்கு,

நீ எங்கிருந்தாலும் உன் பாதை நேராக இருக்கட்டும். கடித உறையில் அலுவலக முத்திரை இல்லை. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை. அதைப் பிறகு கேட்கிறேன். இப்போது நடந்ததைக் கேள்.

காலையில் ஊரே சீப்புக் கல்லடியில் கூடிவிட்டது. உன் மச்சானைக் கழுதைமேல் உட்காரவைத்துக் கொண்டுவந்து, பாயில் சுவரோடு சாய்த்துவிட்டோம். மடியில் உன் தாள்கட்டு. நான் பெண்களோடு தள்ளி நின்றேன்.

பா ஜல்லூல் வாய்க்காலுக்குக் குறுக்கே தகட்டை நிறுத்திக் களிமண்ணால் அடைத்தார். தண்ணீர் ஏற ஏற, துளைகளின் மண்ணை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். எடுத்த துளை வழியே போவதும் வருவதும் சமமானால்தான் தண்ணீர் தகட்டின் விளிம்பில் ஏறாமல் இறங்காமல் நிற்கும். தொண்ணூறு திறந்தார், வழிந்தது. நூறு, வழிந்தது. நூற்றுப்பத்து. அப்போதும் வழிந்தது! கிழவர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். எல்லோரும் ஆரவாரம் செய்கிறார்கள், பெண்கள் குலவையிடுகிறார்கள். நான் மட்டும் உன் மச்சான் மடியில் இருந்த தாள்கட்டையே பார்த்தேன்.

தண்ணீர் நூற்றுப் பதினேழரையில் நின்றது. நம் பாட்டன் காலத்திலும் கேள்விப்படாத நீர்.

பா ஜல்லூல் தாள்களைப் புரட்டினார். கடைசித் தாள் நூற்றுப்பத்து. திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார்.

"என்ன பா ஜல்லூல், பேப்பர் தீந்துபோச்சா?" என்று கத்தூர் கத்தினான். "கணக்கர்தான் பக்கத்துலயே குந்தியிருக்காரே. வாயத் தொறந்து சொல்லட்டும்!"

"லஹ்பீப், சொல்லுப்பா" என்றார் ஹாஜ் பெல்காசிம்.

உன் மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கால் தானாக நடந்துபோயிற்று.

"ஹாஜ், அவரால பேச முடியாது. அந்த மழைநாள்லேர்ந்தே முடியாது. கையும் வராது. குளுருக்குப் பிரிச்ச கணக்கு நான் போட்டது. இதையும் நானே போடறேன்."



"அப்ப ஆறு மாசமா ஒரு பொம்பள கணக்குலயா தண்ணி குடிச்சோம்?" என்றான் கத்தூர்.

"குடிச்சியே, கசந்துச்சா?" என்றார் பா ஜல்லூல். யாரோ சிரித்தார்கள். ஹாஜ் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"தப்பா வந்தா அறுபத்துமூணு வீட்டுச் சாபம், லல்லா மப்ரூக்கா."

"தெரியும் ஹாஜ்."

"மணலக் கொண்டாங்கப்பா."

பா ஜல்லூல் பெயர் வாசித்தார், நான் போட்டேன். ஒரு மணி உள்ளவனுக்கு மிச்சமே இல்லாமல் வந்தது. அரை மணி உள்ளவனுக்கு அரைத் தூசி மிஞ்சியது, அதை எடுத்துக்கொண்டு அடுத்தவனிடம் போனேன். வெயில் ஏறியது. முகத்திரைக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. நாற்பத்தொன்றாம் ஆள் முடிந்து அடுத்த பெயருக்குப் போகிறேன். பின்னால் பாயில் 'பட்' என்று ஒரு சத்தம்.

உன் மச்சானின் இடது கை. தரையில் அறைகிறார்.

"வலிக்குது போல. தண்ணி குடுங்க" என்றார்கள். நான் அடுத்த எண்ணை எழுதினேன். மறுபடி அறைந்தார், இந்த முறை இன்னும் ஓங்கி. தொண்டையிலிருந்து அந்த ஒலி. கண் என் மேல் இல்லை. மணலின் மேல் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். நாற்பத்தொன்றாம் ஆளிடமிருந்து எடுத்துப் போக வேண்டிய அரைத் தூசியை விட்டிருக்கிறேன்.

அரைத் தூசி, துஹாமி! மணல் இல்லை, விரல் இல்லை, சொல் இல்லை. நாற்பத்தொரு பேரின் கணக்கை அவர் தலைக்குள்ளேயே என்னோடு சேர்ந்து போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அதுவும் அவருடைய வழியில் இல்லை, என் வழியில். நான் பக்கத்தில் உட்கார்ந்து போட்ட ஆறு மாதமும் அவர் கற்றுக்கொண்டிருந்திருக்கிறார். நானோ எண்ணில்லாத ஓர் உடம்புக்குச் சோறூட்டிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

மணலை அழித்துத் திருத்தினேன். அவர் கை அமைதியாயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆளுக்கும் அவர் பக்கம் பார்த்தேன். சரி என்றால் ஒரு விரல் எழும்பும். அறுபத்துமூன்றாம் ஆளிடம் என் கை காலி. அறுபத்தேழாயிரத்து அறுநூற்று எண்பது தூசியும் வந்துவிட்டது. பா ஜல்லூல் சீப்புக் கல்லின் பற்களை அதன்படி அமைத்து, கடைசி வாய்க்காலைத் திறந்தார். தகட்டு விளிம்பில் தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கத்தூர் மண்டியிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹாஜ் எழுந்து வந்தார். என்னிடம் இல்லை, உன் மச்சானிடம் போய், அவருடைய இடது கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். இரண்டு மணி நீர் எங்களுக்கே இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை அவர் திரும்பிக்கொள்ளவில்லை.

மப்ரூக்கா


அல்ஜியர்ஸ்
26 மே 1974

மரியாதைக்குரிய மச்சான் லஹ்பீப் அவர்களுக்கு,

அமைதியும் இறைவன் அருளும் உங்கள்மேல் நிலவட்டும். ஏழு மாதத்தில் உங்களுக்கென்று நான் எழுதும் முதல் கடிதம் இது. உங்கள் உடல்நலத்தைக்கூட அக்காவிடம்தான் கேட்டேன், உங்களிடம் கேட்கத் தோன்றவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா இதை உங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டட்டும்.

என் விசேஷத்தையும் சொல்லிவிடுகிறேன். அனுமதியில்லாமல் எந்திரத்தை ஓட்டியது மேலதிகாரிக்குத் தெரிந்து, மூன்று மாதம் அட்டை துளைக்கும் அறைக்கு என்னைத் தள்ளிவிட்டார். போன வாரம் கூப்பிட்டனுப்பினார். என் கட்டளை அட்டைகள் அவர் மேசையில் இருந்தன. "இந்த மீதிய எடுத்துட்டுப் போற வழி எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்றார். "எங்க அக்காவோடது" என்றேன். "எந்தப் பல்கலைக்கழகம்?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் அட்டைகளைத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டு, "சரி, போய் அட்டயத் துளை" என்று அனுப்பிவிட்டார். மூன்று மாதம் மூன்று மாதம்தான்.

துளைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு கேள்வி வந்தது. இதை அக்காவிடம் கேட்கவில்லை, எந்திரத்தையும் கேட்கவில்லை. உங்களிடம் கேட்கிறேன். பெயர் வரிசையை மாற்றினால் மீதி வேறு வேறு ஆளிடம் போய்ச் சேரும். யாருக்குத் தூசி கூடும், யாருக்குக் குறையும் என்பதும் மாறும். எந்த வரிசையிலாவது, யாராவது ஒருவர் ஒரு முழுத் தூசியை இழந்துவிட முடியுமா? நான் பத்து வரிசை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. ஆனால் பத்தில் நடக்கவில்லை என்பதால் எதிலும் நடக்காது என்று ஆகிவிடாதே.

அவசரம் இல்லை மச்சான். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். முடியும் என்றால் இடது கையால் பாயில் ஒரு தட்டு, முடியாது என்றால் இரண்டு. ஏன் என்பதை அக்கா உங்களைக் கேட்டுக் கேட்டு எழுதட்டும். உங்களிடமிருந்து வரும் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

உங்கள் மைத்துனன்
துஹாமி